அப்பாவின் பாதம்

மார்ச் 4

இன்று நரம்புக் கடத்தல் சோதனை. மணிக்கட்டிலும் முழங்கையிலும் சுரீர் சுரீரென்று மின்சாரம் வைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் கட்டைவிரல் தானாகத் துள்ளியது. கை நரம்பில் சமிக்ஞை ஓடும் வேகம் வினாடிக்கு 22 மீட்டர். 50க்கு மேல் இருக்க வேண்டுமாம். பாதத்தில் அலையே எழவில்லை. சோதனை செய்தவர் ஒயரைக் கழற்றி மாட்டி மறுபடி பார்த்தார். அப்போதும் கோடு நேராகத்தான் ஓடியது.

பிறகு மருத்துவர் சாக்ஸைக் கழற்றச் சொன்னார். தூக்கலான உள்வளைவு, மடங்கிய விரல்கள், வற்றிப்போன கெண்டைக்கால். குதிகாலுக்கு மேலே சுத்தியலால் தட்டினார், பாதம் அசையவே இல்லை. “வீட்டில் வேறு யாருக்காவது இந்த மாதிரிப் பாதம் உண்டா?” என்றார்.

அப்பாவுக்கு உண்டு. அப்பாவை உரித்து வைத்த கால் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறேன்.

மார்ச் 5

நோயின் பெயர் சார்கோ-மேரி-டூத், சுருக்கமாக சி.எம்.டி. பரம்பரையாக வரும் நரம்பு நோய். டூத் என்பது ஆள் பெயர். பல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிரான்சில் சார்கோவும் பியர் மேரியும், இங்கிலாந்தில் ஹோவர்ட் டூத்தும் 1886லேயே எழுதிவைத்துவிட்டார்கள். சுமார் 2,500 பேரில் ஒருவருக்கு இருக்கிறதாம். இருந்தும் இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் இந்தப் பெயரைச் சொன்னதில்லை.

மார்ச் 26

மரபணு முடிவு வந்துவிட்டது. 1ஏ வகை. 17ஆம் குரோமோசோமில் பி.எம்.பி.22 என்று ஒரு மரபணு. எல்லோருக்கும் இரண்டு பிரதி, எனக்கு மூன்று. மரபணுவில் பிழை ஏதும் இல்லை, ஒன்று கூடுதலாக இருக்கிறது, அவ்வளவுதான். அதனால் நரம்பைச் சுற்றியுள்ள மையலின் உறை சரியாக அமையாமல் சிதைகிறது. நாளாக ஆக உள்ளே இருக்கும் நரம்பிழையும் பழுதாகிறது. நீளமான நரம்புக்குத்தான் முதல் அடி. அதனால் முதலில் பாதம், அப்புறம் கை. இப்போதெல்லாம் சட்டைப் பொத்தான் போட ஏன் இவ்வளவு நேரமாகிறது என்பது புரிந்தது.

குணப்படுத்த மருந்து இல்லை. வைட்டமின் சி கொடுத்துப் பார்த்த ஆய்வுகளும் கைகொடுக்கவில்லை. ஒன்றை மட்டும் மருத்துவர் அழுத்திச் சொன்னார்: வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து நமக்கு ஆகாது, நரம்பை வேகமாகக் கெடுத்துவிடும். என் மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிவைத்துவிட்டேன்.

மார்ச் 30

அப்பாவிடம் சொன்னேன். அதற்கு முன் வாசலில் கிடந்த அவர் செருப்பை எடுத்துப் பார்த்தேன். குதிகால் பக்கம் புதிது போல இருக்கிறது; முன்நுனி மட்டும் காகிதமாகத் தேய்ந்திருக்கிறது. பாதத்தைத் தூக்க முடியாமல் தரையில் உரசியே நடந்திருக்கிறார். சத்தம் கேட்கும்போதெல்லாம் “காலைத் தூக்கி வைத்து நடங்களேன்” என்று சொல்லியிருக்கிறேன். எத்தனை வருடம்!

“பள்ளிக்கூடத்தில் சோம்பேறி என்பார்கள். நானும் அப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டேன்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “என்கிட்டேயிருந்துதான் வந்ததா?” என்று கேட்டார். “ஆமாம்ப்பா” என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

ஏப்ரல் 17

கணுக்கால் தாங்கி வந்துவிட்டது. மெல்லிய பிளாஸ்டிக், ஷூவுக்குள் அடங்கிவிடுகிறது. முதல் பத்து அடியில் ஒரு தடவைகூட நுனி தட்டவில்லை. ராத்திரி கழற்றியதும் தோல் எங்காவது சிவந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். உரசிப் புண்ணானாலும் கால் சொல்லாது.

அப்பாவுக்கும் அளவெடுக்க நாள் குறித்தாயிற்று.

மே 4

பையனுக்கு 9 வயது. அவனுக்கும் வந்திருக்க இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. அறிகுறி இல்லாத குழந்தைக்கு மரபணுச் சோதனை வேண்டாம், வளர்ந்து அவனே முடிவு செய்யட்டும் என்றார் மருத்துவர். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வந்ததிலிருந்து அவன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் ஓடி வந்தவன் மிதியடியில் இடறினான். “பார்த்து வரக் கூடாதா?” என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மிதியடியைச் சுருட்டி அலமாரி மேலே போட்டேன்.