அத்தேனா கோயில் தூணுக்கு நடுவுல மாதா பீடம்

இத்தாலியோட சிசிலி தீவுக்குப் போனதே, கண்ணுக்குப் பாதுகாவலியான புனித லூசியம்மாவுக்காகத்தான். அம்மாவோட கண் ஆபரேஷனுக்கு நேர்ந்துக்கிட்டது பாக்கி இருந்துச்சு, அதை லூசியம்மா பொறந்த ஊரான சிரக்கூசாவுலயே செலுத்திடலாம்னு ஒர்டீஜியா தீவுல இருக்கற பெரிய கோயிலுக்குப் போனோம். வெள்ளி சொரூபம் பூட்டுக்குள்ள இருக்கு, டிசம்பர் 13 திருநாளுக்கும் மே மாசத்துக்கும்தான் வெளிய எடுப்பாங்களாம். பார்க்க முடியல, மனசு கொஞ்சம் வாடிப்போச்சு. செபத்தை முடிச்சுட்டு நிமிர்ந்தா சுவத்துக்குள்ள பாதி புதைஞ்ச மாதிரி தடித்தடியா டோரிக்ங்கற பழைய கிரேக்க பாணித் தூண்கள், வரிசையா!

கி.மு. 480ல ஹிமேரா போர்ல வட ஆப்பிரிக்காவோட கார்த்தேஜ்காரங்களை ஜெயிச்ச கையோட, இந்த ஊரை ஆண்ட கிரேக்க மன்னன் கெலோன் அத்தேனாங்கற கிரேக்க தேவிக்குக் கட்ட ஆரம்பிச்ச கோயில் இது. அப்புறம் வெர்ரெஸ்னு ஒரு ரோம் கவர்னர் வந்து உள்ள இருந்த ஓவியம், கதவுல இருந்த தந்தம் தங்கம் எல்லாத்தையும் உருவிட்டுப் போனதை சிசரோங்கற ரோம் வக்கீல் கோர்ட்டுலயே போட்டு உடைச்சிருக்காரு (சாமி சொத்துல கை வைக்கறவன் எந்தக் காலத்துலயும் இருந்திருக்கான்).

கி.பி. 7ஆம் நூற்றாண்டுல சோசிமுஸ்னு ஒரு ஆயர் இதை மாதா கோயிலா மாத்தினாரு. எப்படின்னா, வெளிப்பிரகாரம் மாதிரி சுத்தி இருந்த தூண்களுக்கு நடுவுல கல்லு வச்சு அடைச்சா வெளிச்சுவர் ரெடி, உள்ள கர்ப்பக்கிரகச் சுவத்துல பக்கத்துக்கு எட்டு வளைவு வெட்டித் திறந்து விட்டா ஜனங்க நின்னு பூசை காண இடம் ரெடி. கிரேக்கக் கோயிலா இருந்த காலத்துல சாமி சிலை மட்டும் உள்ள, பலி கொடுக்கறது வெளிய. நம்ம பூசைக்கு எல்லாரும் உள்ள வரணுமே, அதுக்காகக் கோயிலையே உள்வெளியா திருப்பிப் போட்டிருக்காங்க.

எகிப்துல அலெக்ஸாண்டிரியாவுல செராபிஸ்ங்கற சாமியோட கோயிலை, இப்படி மாத்தாம, கிறிஸ்தவங்க இடிச்சே தள்ளினாங்க, அதை மறைக்க வேண்டியதில்ல. ஆனா 601ல பாப்பரசர் பெரிய கிரகோரியார் இங்கிலாந்துக்கு எழுதின கடிதத்துல, சிலையை எடுங்க, கோயிலை இடிக்காதீங்க, தீர்த்தம் தெளிச்சுப் பீடம் வையுங்க, ஜனங்க பழகின இடத்துக்கே வருவாங்கன்னு சொல்றாரு. பக்தியோட சேர்ந்த கெட்டிக்காரத்தனம்னுதான் எனக்குப் படுது.

அரபுக்காரங்க காலத்துல மசூதியாவும் இருந்திருக்கு. 1693 நிலநடுக்கத்துல முகப்பு விழுந்துச்சு, இப்ப இருக்கற பரோக்ங்கற அலங்கார பாணி முகப்பு 18ஆம் நூற்றாண்டு வேலை, கெலோன் காலத்துத் தூணுங்க இன்னும் நிக்குது. போறவங்க முகப்போட ஃபோட்டோ எடுத்துட்டுத் திரும்பிடாம இடதுபக்கம் மினெர்வா தெருவுல நடங்க, வெளிய இருந்தே தூணுங்க துருத்திக்கிட்டு இருக்கறதைப் பாக்கலாம், அதுக்கு டிக்கெட்டும் வேணாம்.