இரண்டடித் தொட்டி, சித்திரை

ஏப்ரல் 27, ஞாயிறு

கடல்நீர்த் தொட்டியில் லெதர் கோரல் என்ற மென்பவளம் இன்றும் விரியவில்லை. தண்டு நிமிர்ந்துதான் நிற்கிறது. தலை மட்டும் மொழுமொழுவென்று மூடிக்கிடக்கிறது, மேலே மெழுகு பூசின மாதிரி ஒரு பளபளப்பு. பூ மாதிரி இருக்கும் ஜோவாக்கள் எல்லாம் நன்றாக விரிந்திருக்கின்றன. மஷ்ரூம் பவளம் இரண்டும் வழக்கத்தைவிடப் பெரிதாகப் பரந்து கிடக்கின்றன. பார்க்க அழகுதான். ஆனாலும் எனக்கு உறுத்துகிறது. அந்த இடத்தில் தண்ணீர் அசையவே இல்லையோ?

பின் இடது மூலையில் சிவப்புப் பாசி மறுபடி போர்வை விரித்திருக்கிறது. ட்யூப் போட்டு உறிஞ்சி எடுத்தேன்.

உப்பு 1.025. சூடு 28.

ஏப்ரல் 28

இரவு முழுக்கக் கணக்கு.

தொட்டி 60 × 30 × 36 செ.மீ. விளிம்பு வரை ஊற்றினால் 65 லிட்டர் பிடிக்கும். மணல், பாறை, மேலே விட்ட இடம் எல்லாம் கழித்தால் 50 என்று வைக்கலாம். பின்னால் தொங்கும் ஃபில்டர் மணிக்கு 500 லிட்டர் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. ஆக 10 மடங்கு. எல்லாரும் சொல்லும் வாய்ப்பாடு இதுதான்: மென்பவளத்துக்கு மணிக்கு 10 முதல் 20 மடங்கு, பெரிய பாலிப் (பூ மாதிரி விரியும் ஒவ்வொரு வாய்) உள்ள கல் பவளத்துக்கு 20, 30, சின்ன பாலிப் வகைக்கு 40-க்கு மேல். அந்தக் கணக்கில் நான் கீழ்ப்படியில் நிற்கிறேன், அவ்வளவுதான்.

ஆனால் பெட்டியில் இருக்கும் எண் எந்தத் தடையும் இல்லாமல் ஓடும் பம்ப்புக்கு உரியது. பஞ்சில் அழுக்கு ஏறிய பிறகு அதில் எவ்வளவு மிஞ்சும்? அதைவிட முக்கியம், அந்த 500 லிட்டரும் வலது பக்கத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தாலும் எண் 500 தான். பின் இடது மூலைக்கு ஒரு டம்ளர்கூடப் போயிருக்காது. எத்தனை லிட்டர் என்பதையே எல்லாரும் பேசுகிறார்கள். எங்கே போகிறது, எதில் மோதி எப்படி உடைகிறது என்று கேட்டால் பதில் இல்லை.

ஏப்ரல் 30

கடைக்குப் போனேன். தொட்டிக்குள் வைத்து நீரோட்டம் உண்டாக்கும் பம்ப், வேவ்மேக்கர் கேட்டதும் 4000 லிட்டர் ஒன்றை எடுத்து வைத்தார். "பெருசா வாங்கிட்டீங்கன்னா பின்னாடி டேங்க் பெருசு பண்ணாலும் ஆகும் சார்." 50 லிட்டருக்கு 80 மடங்கு! மணல் கண்ணாடியில் ஏறிவிடும். லெதர் ஒரே பக்கம் சாய்ந்து அப்படியே நின்றுபோகும். வாங்காமல் வந்தேன்.

கிளம்பும்போது தனியாகக் கூப்பிட்டு, "டார்ச் கோரல் ஒண்ணு இருக்கு, உங்களுக்குன்னா தரேன்" என்றார். டார்ச் கல் பவளம். கல் பவளம் எல்லாமே 2001-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்துவிட்டது. புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. அதை ஒரு பாலிதீன் பையில் கட்டி மேசைக்கு அடியில் வைத்திருக்கிறார். வண்டியை எடுத்த பிறகும் கை நடுங்கியது. இனி அந்தக் கடை வேண்டாம்.

மே 2

மனைவி பிரசவத்துக்குப் போயிருக்கும் உசிலம்பட்டியிலிருந்து போன். அத்தைதான் பேசினார். ஸ்கேனில் பனிக்குடத் தண்ணீர் கொஞ்சம் குறைவாம். நிறைய குடிக்கச் சொல்லியிருக்கிறார்களாம். அவள் தூங்குகிறாளாம்.

மே 3, சனி

தூக்கம் இல்லை. படித்துக்கொண்டே இருந்தேன்.

பவளம் எழுந்து போய் மூச்சு வாங்க முடியாது. அதன் தோலை ஒட்டி அசையாத நீர் ஒரு மெல்லிய படலமாக எப்போதும் நிற்கும். ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. உள்ளே போகிறதும் வெளியே வருகிறதும் அந்தப் படலத்தைக் கடந்தே ஆக வேண்டும். பகலில் திசுவுக்குள் இருக்கும் பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை விட்டுக்கொண்டே இருக்கும். அது வெளியேறாமல் தேங்கினால் பவளத்துக்கே நஞ்சு. இரவில் தலைகீழ், ஆக்சிஜன் வெளியிலிருந்து உள்ளே வர வேண்டும். ஓட்டம் கூடக்கூடப் படலம் மெலியும். மெலிந்தால் எல்லாம் வேகமாகக் கைமாறும். விஷயம் இவ்வளவுதான்.

1998-இல் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தபோது ஒகினாவாவில் எல்லாம் ஒரே மாதிரி சாகவில்லை. ஓட்டம் நன்றாக இருந்த இடத்தில் பிழைத்தவை அதிகம். நாகாமுரா, வான் வோசிக் இருவரும் 2001-இல் அதை எழுதியிருக்கிறார்கள். தண்ணீர் வெப்பமானாலும் அசைந்துகொண்டிருந்தால் தாங்குவதற்கு ஒரு வழி இருக்கிறது. அந்தப் பத்தியை மறுபடி மறுபடி படித்தேன். நாளை கத்திரி ஆரம்பம்.

மே 4

மதியம் கரண்ட் போய்விட்டது. இன்வெர்ட்டரும் பழையது, ஃபேன் ஓடினால் ஃபில்டர் நிற்கும். ஃபில்டரைப் போட்டுவிட்டு நான் வியர்வையில் உட்கார்ந்திருந்தேன். தொட்டி 29.4 வரை ஏறியது.

25 டிகிரியில் கடல்நீர் லிட்டருக்கு 6.8 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜன் பிடிக்கும், 30-க்குப் போனால் 6.2. தண்ணீருக்குள் இருப்பதே குறைகிறது. அதனால் மேற்பரப்பு கலங்க வேண்டும், மேலே ஏடு கட்டவே விடக்கூடாது. கரண்ட் வந்ததும் சின்ன மேசை ஃபேனைத் தண்ணீரின் மேல் திருப்பி வைத்தேன். சாயங்காலத்துக்குள் 27.2. மதுரைக் காற்றின் வறட்சி இதற்கு மட்டும் நமக்குச் சாதகம். தூத்துக்குடிக்காரர்களுக்கு இவ்வளவு இறங்காது, அங்கே காற்றே ஈரம். ஆனால் ஃபேன் குடிக்கும் தண்ணீர்! கண்ணாடியில் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறேன், ஒரே நாளில் விரல் அகலம் இறங்கியிருந்தது. உப்பு ஆவியாகாது, தண்ணீர்தான் போகும். ஆகவே ஊற்றுவது ஆர்.ஓ. தண்ணீர் மட்டும், உப்புத் தண்ணீர் கூடவே கூடாது.

மே 6

பார்சல் வந்தது. 24 வோல்ட்டில் ஓடும் சின்ன வேவ்மேக்கர் இரண்டு, ஒவ்வொன்றும் அதிகபட்சம் மணிக்கு 800 லிட்டர். வேகம் கூட்டலாம், குறைக்கலாம். ஒரே பெரியதற்குப் பதில் இரண்டு சின்னது என்று முடிவு செய்ததில் எனக்குத் திருப்தி. ஒரே பம்ப் என்றால் குழாயடி மாதிரி நேராக ஒரே இடத்தில் அடிக்கும், அடிபடும் பவளம் சுருங்கும், மற்றவை தேங்கிய தண்ணீரில் கிடக்கும். இரண்டை எதிரெதிராக வைத்தால் நடுவில் மோதி உடையும். உடைந்த தண்ணீர்தான் எல்லாப் பக்கமும் போகும். மோட்டார் இழுக்கும் மின்சாரம் கடைசியில் வெப்பமாகத் தண்ணீரிலேயே இறங்குவதால் வாட் குறைவாக இருப்பதும் நல்லது.

மே 7

முழு வேகத்தில் மணல் பறக்கிறது. பாதியாகக் குறைத்தேன்.

மே 8

திருக்கல்யாணம். டிவியில் பார்த்தபடியே அங்கே மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டாளாம். குரல் தெளிவாக இருந்தது. "லெதர் விரிஞ்சுச்சாங்க?" என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். "அதைப் போட்டு நோண்டாதீங்க, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றாள். சந்தோஷமாக இருந்தது.

மாலை பம்ப் வைக்கும் வேலை. தூளாக்கின மீன் தீனியை ஒரு சிட்டிகை தண்ணீரில் கரைத்து சிரிஞ்சில் எடுத்து, பாறை இடுக்குகளில் மெதுவாக விட்டுப் பார்த்தேன். தூள் போகிற போக்கில் ஓட்டம் கண்ணுக்குத் தெரிகிறது. முதலில் இரண்டும் ஒரே உயரம், நேருக்கு நேர். நடுவில் நன்றாகக் கலங்கியது, பின் இடது மூலையில் தூள் அப்படியே தொங்கியது. இடது பம்ப்பை மூலையிலிருந்து எடுத்துப் பின் கண்ணாடிக்குக் கொண்டுபோய், முன் கண்ணாடியைப் பார்த்துத் திருப்பினேன். கண்ணாடியில் மோதின தண்ணீர் கீழே இறங்கி, மணலை ஒட்டித் திரும்பிவந்து, பாறைக்குப் பின்னால் நுழைந்தது. தூள் மூலையிலிருந்து கிளம்பி மேலே ஏறியது. அந்த மூலை உயிர்பெற்றதைப் பார்த்ததும் தனியாக உட்கார்ந்து கை தட்டினேன்.

கணக்குப்படி ஃபில்டரையும் சேர்த்து 25 மடங்கைத் தாண்டுகிறது. மென்பவளத்துக்கு அதிகம் என்று வாய்ப்பாடு சொல்லும். ஆனால் ஜோவாக்களின் ஓரத்து இழைகள் லேசாக ஆடுகின்றன, ஒன்றுகூட மூடவில்லை. மஷ்ரூம்களை மட்டும் பாறையின் மறைவில், மணல் பக்கமாக இறக்கி வைத்தேன். அவற்றுக்கு அமைதியான இடம் போதும். கோமாளி மீன் ஜோடிக்கும் ஃபில்டருக்குக் கீழே ஒதுங்க ஓர் இடம் விட்டிருக்கிறேன். மீனுக்கும் தூங்க இடம் வேண்டுமே.

மே 9

மண்டபத்துச் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். தடைக்காலம், போட்டெல்லாம் கரையில், நிறையப் பேசினார். கடலில் பவளத்துக்கு ஓட்டம் எந்தப் பக்கமிருந்து வரும் என்று கேட்டேன். "எந்தப் பக்கம்னு கேட்டா நான் என்னத்தச் சொல்றது தம்பி? காத்து மாறுனா நீவாடும் மாறும். இப்ப கச்சான் புடிக்கப் போகுது, தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளமாட்டம் கிடக்கும். வாடை வந்தா அப்படியே மாறிப்போகும்."

நீவாடு என்றால் நீரோட்டம், கச்சான் என்றால் தென்மேற்குக் காற்று. ஒரே பவளம், ஒரே இடம், வருஷத்தில் இரண்டு குணமுள்ள தண்ணீர். அலை வரும், திரும்பும், நிற்கும். நாள் முழுக்க ஒரே திசையில் ஒரே வேகத்தில் அடிக்கிற கடல் எங்கேயும் கிடையாது. கன்ட்ரோலரில் வேகம் ஏறி இறங்கும்படி மாற்றிவிட்டேன்.

மே 10, சனி

வைகை மேல் இருக்கும் ஏ.வி. பாலத்துக்கு நடந்து போனேன். அழகருக்காக அணையில் திறந்த தண்ணீர் வந்துவிட்டது. ஜனம் இப்போதே கூடத் தொடங்கிவிட்டது. எல்லாரும் தண்ணீரைப் பார்த்தார்கள், நான் தூண்களைப் பார்த்தேன். தூணில் மோதி இரண்டாகப் பிரியும் தண்ணீர் தூணைத் தாண்டியதும் உடனே சேர்வதில்லை. அங்கே ஒரு சுழல் நின்று, பின்னோக்கி ஓடுகிறது. நுரை, தண்ணீர் பாட்டில், செவ்வந்திப் பூ எல்லாம் தூணுக்குப் பின்னால்தான் போய்ச் சேர்கின்றன. என் தொட்டியில் பாறைக்குப் பின்னால் அழுக்கு சேர்வதும் இப்படித்தான். நடுப்பாறையைக் கண்ணாடியிலிருந்து இன்னும் இரண்டு விரல் தள்ளி வைக்க வேண்டும்.

1889-இல் கட்டின பாலம். இருட்டும்வரை நின்றேன்.

மே 12

அழகர் இறங்கிவிட்டார். போகவில்லை. கையிலேயே போன்.

மே 13

உரிகிறது!

காலையில் விளக்கு எரிந்ததும் லெதரின் தலையில் ஒரு பக்கம் மெழுகுப் படலம் கிளம்பியிருந்தது. வெங்காயத் தோலைவிட மெல்லிசு. ஒரு முனை மட்டும் ஒட்டிக்கொண்டு ஓட்டத்தில் படபடத்தது. பம்ப் வேகம் ஏறும்போது இன்னும் கொஞ்சம் பிரிந்தது, இறங்கும்போது சும்மா தொங்கியது. கையால் தொடவில்லை. ஆபீசுக்கு லேட் ஆனாலும் பரவாயில்லை என்று முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் முழுசாகக் கழன்று, ஃபில்டர் வாயில் போய் ஒட்டியது. அடியில் தோல் இளம் பழுப்பு நிறத்தில், புதுசாக. இந்த வகை லெதர் அவ்வப்போது இப்படிச் சட்டை உரிக்கும், மேலே படிந்த பாசியையும் அழுக்கையும் அதோடு கழற்றிவிடும். ஓட்டம் இல்லாத இடத்தில் அந்தப் படலம் போகாமல் ஒட்டிக்கொண்டு, அடியிலேயே அழுகலும் பிடிக்கலாம்.

ராத்திரி ஒன்பது மணிக்கு முதல் பாலிப்கள் எட்டிப் பார்த்தன. போட்டோ அனுப்பினேன். அவளிடமிருந்து ஒரே ஓர் இதயம் வந்தது.

மே 15

பக்கத்து வீட்டுத் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தேன். கோடு வரை ஆர்.ஓ. தண்ணீர். தீனி போடும்போது பம்ப் இரண்டையும் நிறுத்து, பத்து நிமிஷம் கழித்து மறக்காமல் போடு. மறந்தால் என்ன ஆகும் என்று கேட்டான். நல்ல பையன், கேட்கிறான். போர்டு மேலே பேப்பரில் எழுதி ஒட்டினேன். பேட்டரி ஒன்று வாங்கி பம்ப்பில் இணைத்தாயிற்று, கரண்ட் போனாலும் ஓடும்.

மே 17

மறுபடி ஸ்கேன். தண்ணீர் இன்னும் குறைந்திருக்கிறதாம். தேதி வரை காத்திருக்க மாட்டார்கள் போல. அத்தை அழுதார், நான் தைரியம் சொன்னேன்.

விடியற்காலை மூன்று மணி. விளக்கில்லாத தொட்டி முன்னால் நிற்கிறேன். இரவில் பம்ப்பைக் குறைத்து வை என்று சிலர் சொல்வார்கள், மீனுக்கு ஓய்வாம். நான் குறைக்கமாட்டேன். இருட்டில்தான் எல்லாம் ஆக்சிஜனை எடுக்கின்றன, எதுவும் கொடுப்பதில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன், லெதர் முழுக்க விரிந்து ஆடுகிறது. 26.8.

மே 18

ஒன்றும் எழுத ஓடவில்லை.

மே 19, திங்கள்

காலை முதல் பஸ், ஆரப்பாளையத்திலிருந்து. பை கட்டியாயிற்று. சாவி பக்கத்து வீட்டில். உப்பு 1.026, அரை டம்ளர் ஊற்றினேன். பின் மூலை சுத்தம், சிவப்பு இல்லை. வலது பம்ப் பக்கம் மேற்பரப்பில் மெலிசாக ஏடு கட்டுகிறது, கிளம்பும் முன் அதை இன்னும் கொஞ்சம் மேலே திருப்ப வேண்டும்