அசையும் கட்டடத்தை அளப்பது

துபாயில் புர்ஜ் கலீஃபா எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் அங்கே சர்வே குழுவில் இருந்தவன் என்று சொன்னால் போதும், எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "மேலே நின்றால் தலை சுற்றாதா?" சுற்றாது. சுற்றுவதற்கு நேரம் கிடைத்தால்தானே. உயரம் கொஞ்ச நாளில் பழகிவிடும். பழகவே பழகாதது வேறொன்று. நாம் நிற்கிற இடம் எது என்று அடித்துச் சொல்ல முடியாமல் இருப்பது.

ஊரில் வீடு கட்டுகிற கொத்தனாருக்கு இந்தத் தொல்லை இல்லை. தூக்குக்குண்டைத் தொங்கவிடுவார், ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பார், சுவர் நேராக இருக்கிறது என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவார். அவர் திரும்பி வரும்போது சுவர் அதே இடத்தில்தான் இருக்கும். சில நூறு மீட்டர் உயரக் கான்கிரீட் அப்படி இருக்காது. காலை வெயில் கிழக்கு முகத்தில் அடித்தால் அந்தப் பக்கம் சூடேறி நீளும், உச்சி மேற்கே சாயும். பிற்பகலில் இதற்கு நேர்மாறு. இதற்கு நடுவில் காற்று தள்ளும். உச்சியில் நிற்கிற கிரேன்கள் பாரம் தூக்கும்போது வேறு அசைவு. அடித்தளமும் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இறங்கும் என்று சொல்ல முடியாது. போதாததற்கு, அந்தக் கட்டடத்தின் தரைவடிவமே மூன்று இறக்கைகள் கொண்டது. நடுவில் அறுகோண மையச்சுவர் முன்னே ஏறும், இறக்கைகள் பின்னால் வரும். ஆக, முழுசாக முடிந்த ஒரு கட்டடத்தை நாங்கள் ஒருநாளும் அளக்கவில்லை. பாதி வளர்ந்ததைத்தான் அளந்தோம்.

பழைய சர்வேயர்களிடம் இதற்கு ஒரு வழி உண்டு: விடியும் முன், வெயிலும் காற்றும் வருவதற்குள், அளந்துவிடுவது. நல்ல வழிதான். ஆனால் ஏறத்தாழ மூன்று நாளுக்கு ஒரு மாடி ஏறுகிற தளத்தில் விடியலுக்காக யார் காத்திருப்பது? தரையில் வைத்த குறிகளைப் பார்த்து அளப்பதும் இருபது மாடிக்கு மேல் சிரமமாகிவிட்டது. பார்வைக்கோணம் செங்குத்தாகிவிடும், சுற்றிலும் வேறு கட்டடங்கள் எழும்பி மறைக்கும்.

அதனால் வந்த முறை இது. ஷட்டரிங்கின், அதாவது கான்கிரீட் ஊற்றுகிற அச்சின், உச்சியில் ஜிபிஎஸ் ஆன்டெனாக்கள், ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒளியைத் திருப்பி அனுப்புகிற ஒரு பிரிசம். ஆன்டெனாக்கள் செயற்கைக்கோள் சிக்னலைப் பதிந்துகொண்டிருக்கும்போதே, கோணமும் தூரமும் அளக்கிற டோட்டல் ஸ்டேஷன் கருவி அந்தப் பிரிசங்களைப் பார்த்துத் தன் இடத்தைக் கணக்கிடும். கீழே மையச்சுவரில் அங்கங்கே பொருத்திய சாய்வுமானிகள், இந்த நேரத்தில் கட்டடம் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று சொல்லும். அந்தச் சாய்வைக் கழித்தால், கட்டடம் அசையாமல் நின்றிருந்தால் இந்தப் புள்ளி எங்கே இருக்குமோ அந்த இடம் கிடைக்கும். அந்த இடத்துக்குத்தான் ஷட்டரிங்கை நகர்த்தச் சொல்வோம்.

இதைத் தச்சு வேலை ஃபோர்மேனுக்குப் புரியவைப்பதுதான் பெரிய வேலை. எங்களுக்கு வாய்த்தவர் பஞ்சாப்காரர், கைத்தேர்ச்சி உள்ளவர். கீழ்மாடிச் சுவரோடு ஒட்டிப் பார்த்து, "சரியாகத்தானே இருக்கிறது, ஏன் கோணலாக்கச் சொல்கிறாய்?" என்று சண்டைக்கு வருவார். அவர் கண் சொன்னதும் உண்மைதான். அந்த நேரத்துக்கு அது நேர். நாங்கள் கேட்டது நாள் முழுக்க ஆடுகிற ஒரு பொருளின் நடுக்கோட்டை, அது கண்ணுக்குத் தெரியாது. கடைசிவரை அவர் என்னை முழுசாக நம்பினாரா தெரியவில்லை. ஆனால் முனகிக்கொண்டே நகர்த்தினார்.

மேலே போகப் போக தரைப்பரப்பு சுருங்கும். காற்று ஒரே சீராகச் சுழன்று கட்டடத்தை ஆட்டாதபடி, இறக்கைகள் ஒவ்வொன்றாகப் படிப்படியாக உள்வாங்குகிற வடிவமைப்பு அது. எஞ்சினியர்களுக்கு அழகு. கருவியை நிறுத்தும் முக்காலியை வைக்க இடம் தேடுகிற எங்களுக்கு எரிச்சல். கோடையில் கான்கிரீட் இரவில்தான், ஐஸ் கலந்து. அதை 606 மீட்டர் வரை பம்ப் செய்து ஏற்றியதே அப்போது உலக சாதனை.

பக்கவாட்டு அசைவாவது திரும்பி வரும். கீழ்நோக்கிய அசைவு திரும்பாது. கான்கிரீட் காய்ந்து சுருங்கும், பாரம் ஏற ஏற வருஷக்கணக்கில் அமுங்கிக்கொண்டே இருக்கும். அதனால் மாடிகளை வரைபடத்தில் இருக்கும் உயரத்தைவிடத் துளி கூடுதலாகக் கட்டினார்கள். எனக்கு அந்தக் கட்டடத்தில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான், சுற்றுலா வழிகாட்டிகள் யாரும் சொல்வதில்லை.

அப்புறம் கட்டடத்தின் அந்த 828 மீட்டர் உயரம். 2010 ஜனவரி 4 திறப்பு விழா வரை அதை ரகசியமாக வைத்திருந்தார்கள். புர்ஜ் துபாய் என்ற பெயர் புர்ஜ் கலீஃபா ஆனதும் அன்றைக்குத்தான். சர்வேயரின் முதல் கேள்வி எப்போதும் "எங்கிருந்து எதுவரை?" என்பதுதான். 1998-இல் கோலாலம்பூரின் 452 மீட்டர் பெட்ரோனாஸ் கோபுரங்கள் சிகாகோவின் 442 மீட்டர் சியர்ஸ் கோபுரத்தை முந்தியது உச்சிக் கூம்புகளால்தான். கூம்பு கணக்கில் சேரும், ஆன்டெனா சேராது. உயரக் கட்டடங்களுக்கான பன்னாட்டு அமைப்பின் விதி அது. அதே அமைப்பு 2013-இல் கணக்கெடுத்தபோது, புர்ஜின் உச்சியில் 244 மீட்டர் ஆள் புழங்காத பகுதி என்று சொன்னது. அதே கோலாலம்பூரின் மெர்டேக்கா 118 கோபுரமும் 678.9 மீட்டரில் கணிசமான பங்கை ஊசிக்குத்தான் கொடுத்திருக்கிறது. எனக்கு இதில் வருத்தம் இல்லை, ஆனால் போட்டி என்று வந்தால் நான் கடைசி மாடியின் தரையைத்தான் கேட்பேன்.

இப்போது சவூதியின் ஜெத்தா கோபுரம் 1,000 மீட்டரைத் தாண்டப் போகிறது. அறுபதுக்கும் மேற்பட்ட மாடிகளோடு பல வருஷம் நின்றுபோயிருந்த வேலை 2025 ஜனவரியில் மறுபடி தொடங்கியது. கட்டுமானத் துறையில் இருக்கும் ஊர்த் தம்பி ஒருவன், "அண்ணே, அங்கே ஆள் எடுக்கிறார்களாம், போகலாமா?" என்று கேட்டான். போ என்றேன். போனால் ஒன்றை விசாரித்துச் சொல்லவும் சொன்னேன். கீழே உள்ள கான்கிரீட் இத்தனை வருஷத்தில் சுருங்க வேண்டியதில் பெரும்பகுதி சுருங்கி முடித்திருக்கும். அமுங்குவதற்கு மட்டும், மேலே பாரம் ஏற ஏற, இன்னும் பாக்கி இருக்கும். மேலே வருவதோ இனிமேல்தான் இரண்டையும் தொடங்கும். பழசு, புதுசு என்ற இந்த இரண்டு கான்கிரீட்டுக்கும் மாடி உயரத்தில் எவ்வளவு கூட்டி வைக்கிறார்கள் என்று.