மழைக்காலத்தில் சைக்கிள் செயினுக்கு என்ன லூப் (மசகு எண்ணெய்)?

ஐப்பசி பிறந்தால் சென்னையில் பாதிப் பேர் சைக்கிளை மூலையில் சாத்திவிடுவார்கள். இந்த முறை நான் நிறுத்தவில்லை, ஈசிஆர் எனும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் வரை போய் வருவதை மழையிலும் தொடர்ந்துகொண்டே செயினுக்கு எது தாங்குகிறது என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன்.

முதலில் கையிலிருந்த ட்ரை லூப், அதாவது காய்ந்து நிற்கும் வகை. கோடையில் அருமையான சரக்கு, போட்ட கொஞ்ச நேரத்தில் கரைப்பான் ஆவியாகி மெல்லிய படலம் மட்டும் நிற்கும், புழுதி ஒட்டாது. ஆனால் நல்ல மழையில் அது ஒரு ரைடு கூடத் தாங்கவில்லை, வீடு வந்து சேர்வதற்குள் கிரீச் கிரீச் என்று ஒரே சத்தம். பலர் டபிள்யூடி-40 அடிக்கச் சொல்வார்கள். அந்த நீல டப்பா ஈரத்தை விரட்ட நல்லது, அவ்வளவுதான். அடித்துத் துடைத்தபின் மேலே லூப் போட்டே ஆகவேண்டும். மோட்டார் பைக்குக்கு அடிக்கிற செயின் ஸ்ப்ரேயும் சரிவராது. பல பைக் செயின்களில் ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம் போட்டு கிரீஸை உள்ளேயே அடைத்திருப்பார்கள், அதனால் ஸ்ப்ரே வெளியே ஒட்டினால் போதும். நம் சைக்கிள் செயினிலோ எண்ணெய் ரோலருக்குள், அதாவது கண்ணிகளுக்கு நடுவே உருளும் சின்ன உருளைக்குள், இறங்க வேண்டும்.

கடைசியில் வெட் லூப்தான், அதாவது காயாமல் ஈரமாகவே இருக்கும் வகைதான் நின்றது. கெட்டியாக இருப்பதால் தண்ணீர் அதைச் சுலபத்தில் அடித்துக்கொண்டு போவதில்லை. தொல்லை என்னவென்றால் ஈசிஆர் மணலும் அதில் சுலபமாக ஒட்டிக்கொள்கிறது, எண்ணெயும் மணலும் சேர்ந்து உப்புத்தாள் மாதிரி பின்னையும் (கண்ணிகளை இணைக்கும் ஆணி) ரோலரையும் தேய்க்கும். அதனால் ஒவ்வொரு ரோலருக்கும் ஒரே ஒரு சொட்டு, பெடலைப் பின்னால் சுற்றி, ராத்திரி முழுக்க விட்டு, காலையில் பழைய பனியன் துணியால் வெளிப்பக்கத்தை அழுத்தித் துடைக்கிறேன். வெளியே பளபளவென்று எண்ணெய் தெரிந்தால் அது வீண், மணலைத்தான் கூப்பிடும். நனைந்து வந்த அன்றே செயினைத் துடைத்துக் காயவிடுவதும் முக்கியம், கடற்காற்றில் ஒரே ராத்திரியில் துரு பிடித்துவிடும்.

தேய்மானம் பார்க்க 12 அங்குல ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால் 12இல் இன்னொரு பின்னின் நடு வர வேண்டும். 1/16 அங்குலம் தள்ளியிருந்தால் சுமார் 0.5 சதவீதம் நீண்டுவிட்டது, 11 ஸ்பீடு செயினை அப்போதே மாற்றிவிடுவது கேசட்டுக்கு (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) நல்லது.

தை பிறந்ததும் திரும்ப ட்ரை லூப்தான், ஆனால் அதை வெட் லூப்புக்கு மேலேயே ஊற்றக்கூடாது. டீசலில் ஊறவைத்துக் கழுவி, சோப்புத் தண்ணீர் காட்டி, நன்றாக உலர்ந்தபிறகுதான்.