பெரியப்பா நோட்டில் இரண்டு ‘தெ’

பாம்பனில் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதைத் தட்டுகிறேன். தடைக்காலம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது, எல்லாம் கரையோரம் வரிசை கட்டி நிற்கின்றன. பெரியப்பாவுடையது நாட்டுப்படகு, அதற்குத் தடை இல்லை. விடியும் முன்பே போய்விட்டு வந்து, இப்போது உள்ளே குறட்டை.

போன வாரம் இரவுச் சாப்பாட்டில் ஆரம்பித்தது இது. “நல்ல பாடு (வலை நிறைய மீன்) கிடைச்ச நாளையெல்லாம் எண்ணிப் பாரு தாயி, தண்ணி கலங்கலாத்தான் கிடந்திருக்கும். கலங்கலைப் பாத்தா யோசிக்காம வலையப் போட்டுறணும்” என்றார். முதல் வாக்கியம் உண்மையாக இருந்தாலும் இரண்டாவது அதிலிருந்து வந்துவிடாது என்று நான் வாயை விட்டேன். “அப்ப நீயே எண்ணு” என்று நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டார்.

லாங் சைஸ் நோட்டு. உப்புக்காற்றில் தாள்கள் ஒட்டிக்கொண்டு, பிரித்தால் நடுவில் மீன் செதில். ஒரு நாளுக்கு ஒரு வரி: ‘வ க 2’, ‘தெ தெ 1’, ‘வ தெ 3’. க என்றால் கலங்கல், தெ என்றால் தெளிவு, கடைசி எண் கூடை என்று நானே முடிவு செய்து ஒரு நாள் முழுக்க எக்செல்லில் ஏற்றினேன். ‘தெ தெ’ என்றால் ரொம்பத் தெளிவு என்று வேறு நினைத்துக்கொண்டேன். கேட்டபோதுதான் தெரிந்தது, முதல் எழுத்து கடல்: தீவுக்கு வடக்கே வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்), தெற்கே தென்கடல் (மன்னார் வளைகுடா). இரண்டாவதுதான் தண்ணீர். தரவுகளைப் பிரித்து மேயும் என் வேலையில் சூத்திரம் போடும் நேரத்தைவிட இப்படி ‘தெ’க்களைப் பிரிக்கும் நேரம்தான் அதிகம், நம்புங்கள்.

மறுபடி ஏற்றினேன். மொத்தம் 250 நாள். மூன்று கூடையும் அதற்கு மேலும் வந்தால் நல்ல பாடு என்று வைத்துக்கொண்டேன். (ரூபாயில் எண்ணவில்லை. தடைக்காலத்தில் விலை ஏறிவிடும், ஒரு கூடையே அள்ளியது போலத் தெரியும்.) நல்ல பாடு 40 நாள். அதில் 28 நாள் கலங்கல். அதாவது நூற்றுக்கு 70. பெரியப்பாவின் முதல் வாக்கியம் சரி.

ஆனால் வலை போடப் போகிறவருக்கு வேண்டிய கணக்கு இதற்கு எதிர்த்திசையில் இருக்கிறது. தண்ணீர் கலங்கல் என்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டது, இனி பாடு எப்படி? கலங்கலாக இருந்த நாள் மொத்தம் 160. அதில் 28 நாள்தான் நல்ல பாடு. நூற்றுக்குப் பதினேழு, பதினெட்டு. பன்னிரண்டாம் வகுப்பில் பையும் சிவப்புப் பந்துமாக நடத்திய நிபந்தனை நிகழ்தகவு இதுதான். எது நடந்துவிட்டது, எதைக் கேட்கிறோம் என்று இடம் மாற்றினால் 70 போய் 17 ஆகிவிடுகிறது. நோட்டில் பாதிக்கு மேல் கலங்கல் நாள்தான் என்பதால், நல்ல பாட்டிலும் கலங்கல் நிறைய இருக்கத்தானே செய்யும்.

பெரியப்பாவை நக்கல் அடிக்க எனக்குத் தகுதி இல்லை. ஆபீஸில் மோசடி ஆர்டர்களைப் பிடிக்க நான் முதன்முதலில் செய்த கணினி மாடல், பத்து மோசடியில் ஒன்பதைப் பிடித்தது. பெருமையாக மீட்டிங்கில் சொன்னேன். ஆயிரம் ஆர்டரில் மோசடி பத்துதான். மீதி 990 நல்ல ஆர்டரில் நூற்றுக்கு ஐந்தை அது தவறாகப் பிடித்தாலே ஐம்பது பேர். சிவப்புக் கொடி விழுந்த 59 பேரில் ஒன்பது பேர்தான் திருடர்கள். மீதி ஐம்பது வாடிக்கையாளரின் திட்டையும் போனில் கேட்டது என் பக்கத்து சீட்காரர். இந்த எதிர்த்திசைக் கணக்கு, தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலேயக் கணிதக்காரர் இறந்து இரண்டு வருடம் கழித்து, 1763-ல் அவருடைய நண்பர் பிரைஸ் அச்சுக்கு அனுப்பிய கட்டுரையில் இருந்த விஷயம். எனக்கு அந்த மீட்டிங்கில்தான் உறைத்தது.

சரி, நோட்டுக்கு வருவோம். தெளிந்த நாள் 90, அதில் நல்ல பாடு 12, நூற்றுக்கு 13. கலங்கல் கொஞ்சம் மேல்தானே என்று விட்டுவிடப் பார்த்தேன். ஆனால் அந்த முதல் ‘தெ’ உறுத்திக்கொண்டே இருந்தது. கடலைப் பிரித்துப் பார்த்தேன். வடகடலில் கலங்கல் 120 நாள், நல்ல பாடு 24. தெளிவு 30 நாள், நல்ல பாடு 7. தென்கடலில் கலங்கல் 40-க்கு 4, தெளிவு 60-க்கு 5. ஒரே கடலுக்குள் வைத்துப் பார்த்தால் கலங்கலுக்கும் தெளிவுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. வடகடல் ஆழம் குறைந்த சேற்றுக்கடல், பெரும்பாலும் கலங்கிக் கிடக்கும். அவருக்கு நல்ல பாடும் அங்கேதான். தண்ணீரின் நிறத்துக்குப் போன பெயர் கடலுக்குப் போயிருக்க வேண்டும்.

இதைச் சொன்னதும் பெரியப்பா கோபப்படவில்லை, ஒரு கேள்வி கேட்டார்: “வடகடலுக்கு நான் எப்பப் போவேன்னு பாத்தியா?” பார்க்கவில்லை. வாடைக்காற்றில் வடகடல் கொந்தளிக்கும், அப்போது தென்கடலுக்குப் போவார். தென்கடலில் காற்று ஏறும் மாதங்களில் வடகடல் அடங்கிக் கிடக்கும், இந்தப் பக்கம் வந்துவிடுவார். ஆக, நான் கடல் என்று பிரித்ததில் பாதி பருவகாலம். அதைவிடப் பெரிய ஓட்டை, பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிய நாள், காற்று சரியில்லை என்று அவர் திரும்பிப் படுத்த நாள் எதுவும் நோட்டிலேயே இல்லை. அந்த 250-ம் பெரியப்பா ‘போகலாம்’ என்று முடிவு செய்த நாள்கள் மட்டும். என் கணக்கு முழுவதும் அவருடைய மூக்கு காற்றை மோந்து பார்த்த பிறகு ஆரம்பிக்கிறது.

போகாத நாளையும் எழுதுங்கள் என்றேன். “போகாத நாளுக்கு எதுக்குத் தாயி நோட்டு? அன்னைக்கு டீசல் செலவே இல்லையே” என்று சிரித்தார்.

ஆனால் இன்று நோட்டைப் பிரித்தால், முந்தாநாள் தேதி போட்டு ஒரு வரி: ‘போகலை. காத்து.’

எந்தக் காற்று என்று எழுதவில்லை. எழுந்ததும் கேட்க வேண்டும்.