கீரையை நறுக்கிட்டுக் கழுவாதீங்க மாஸ்டர்

கும்பகோணம் பக்கம் மெஸ், கல்யாணச் சமையல் என்று அடுப்படியில் நிற்கும் தம்பிகளுக்காக இது. அரைக்கீரையைப் பொடியாக நறுக்கி, அப்புறம் அண்டாத் தண்ணீரில் போட்டு அலசுகிறோம். தண்ணீர் லேசாகப் பச்சையாகிவிடும். வைட்டமின் சி, ஃபோலேட் (இதுவும் ஒரு பி வைட்டமின்தான்) இரண்டும் தண்ணீரில் கரைபவை. நறுக்கிய பரப்பு வழியாகத்தான் வெளியேறும். மண் போக முழுசாகவே நாலு தண்ணீரில் அலசிவிட்டு நறுக்குங்கள். வேலை ஒன்றும் கூடிவிடாது.

சோற்றிலும் இதே கதைதான். வடிகஞ்சியோடு பி1 வைட்டமின் போகிறது. நம் டெல்டா புழுங்கல் அரிசி கொஞ்சம் தப்பிக்கும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டுப் பக்கத்து பி வைட்டமின்கள் உள்ளே இறங்கிவிடுவதால், தீட்டினாலும் பச்சரிசி அளவுக்கு இழப்பதில்லை. நூறு பேர் சமையலில் வடிக்காமல் முடியாது, தெரியும். கஞ்சியைச் சாக்கடையில் கொட்டாமல் மோரும் உப்பும் விட்டு நீங்களே குடியுங்கள். அடுப்படியில் வேர்த்துக் கொட்டுபவர்களுக்கு டீயைவிட எவ்வளவோ மேல்.

வடைச்சட்டி எண்ணெய்க்கு மட்டும் சட்டமே உண்டு: போலார் சேர்மங்கள் (எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்ந்து கெடும்போது அதில் சேர்பவை) 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக்கூடாது, 2018 ஜூலை முதல். கருத்து, நுரைத்து, சீக்கிரமே புகைகிறதா? அதன்மேல் புது எண்ணெய் ஊற்றிச் சரிக்கட்டும் வேலை வேண்டாம், மாற்றிவிடுங்கள். முதலாளி முறைத்தால் இந்தப் பதிவைக் காட்டுங்கள்.