ஒரே படம், இரண்டு நிறம்

"மாமா, இதுல ஏன் சேவ் பண்ண முடியல?"

கோலாலம்பூர் செந்தூல் வீட்டில் அக்கா மகன். வயது 11. ஸ்டோர் அறையில் கிடந்த மைக்ரோ ஜீனியஸ் என்ற பழைய டிவி கேம் பெட்டியை இறக்கி, கேசட்டை ஊதிச் சொருகி, 1985இல் வந்த சூப்பர் மேரியோ பிரதர்ஸ் விளையாட்டைப் போட்டுக் கொடுத்திருந்தேன்.

மூன்று உயிர். போனால் முதலிலிருந்து. வந்த வழியே திரும்பவும் முடியாது.

"காசு கட்டினா உயிர் கிடைக்குமா?" இல்லை என்றதும் என்னைப் பாவமாகப் பார்த்தான்.

அப்புறம் திடீரென்று டிவியை ஒட்டிப் போய் நின்றான்.

"மாமா, மேகமும் புதரும் ஒரே படம்! கலர்தான் வேற!"

முப்பது வருடமாக ஆடுகிறேன், கவனித்ததே இல்லை. மொத்த விளையாட்டும் 40 கிலோபைட். இடம் போதாமல் ஒரே படத்துக்கு வெள்ளை, பச்சை என்று இரண்டு சாயம். குடும்ப வாட்ஸ்அப்பில் நான் அனுப்பும் காலை வணக்கப் படமே அதைவிடப் பெரிது.

பழைய கிராபிக்ஸைப் பார்த்துச் சிரிப்பான் என்று நினைத்திருந்தேன். மைன்கிராஃப்ட் விளையாட்டில் எல்லாவற்றையும் கட்டம் கட்டமாகப் பார்த்து வளர்ந்தவனுக்கு அது குறையாகவே படவில்லை. செத்தால் மறுபடி முதலிலிருந்து என்பதுதான் பொறுக்கவில்லை.

அக்கா மூன்றாவது முறை சாப்பிடக் கூப்பிட்டாள்.

"இரும்மா! இதுல சேவ் பண்ண முடியாது!"